கதவு சாத்திய தேதியை நினைவு நாளாக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனாவில் இறந்தவர்களுக்கு நினைவு நாள் வேண்டும் என்று யார் பேச்செடுத்தாலும் "அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. யாருக்கு முடிந்தது என்று கேட்க வாய் வரும். சரி, அந்தச் சண்டை இப்போது வேண்டாம். நான் கேட்பது இன்னும் சின்னது. முதியோர் இல்லங்களில், பராமரிப்பு இல்லங்களில் இருந்து இறந்துபோனவர்களுக்கென்று தனியாக, அரசு நாட்காட்டியில் அச்சடித்த ஒரு நாள் வேண்டும்.

தனியாக எதற்கு என்பீர்கள். இவர்கள் கடைக்குப் போகவில்லை, கல்யாணத்துக்குப் போகவில்லை, பஸ் ஏறவில்லை. இருந்த கட்டிலிலேயே இருந்தார்கள். நோய்தான் இவர்களைத் தேடி உள்ளே போனது. போகவும் விட்டார்கள். இங்கிலாந்தில் 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மருத்துவமனைப் படுக்கைகளைக் காலி செய்வதற்காக முதியவர்களைப் பரிசோதனைகூடச் செய்யாமல் இல்லங்களுக்கு அனுப்பினார்கள். அப்பாவைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள் வழக்குப் போட்டு, அறிகுறி இல்லாதவர்களும் நோயைப் பரப்பலாம் என்ற அபாயத்தை யோசிக்காமல் எடுத்த அந்த முடிவு சட்டவிரோதம் என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தையே சொல்ல வைத்தார்கள். ஸ்பெயினில் கிருமிநாசினி தெளிக்க இல்லங்களுக்குப் போன ராணுவத்தினர், பார்க்க ஆளில்லாமல் விடப்பட்ட முதியவர்களையும், சிலர் கட்டிலிலேயே இறந்து கிடந்ததையும் கண்டார்கள். அதை அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே தொலைக்காட்சியில் சொன்னார்.

எண்ணிக்கையிலும் இவர்களுக்குக் கடைசி இடம்தான். பிரிட்டனில் தினமும் அரசு அறிவித்த சாவுக் கணக்கில் 2020 ஏப்ரல் 29 வரை முக்கியமாக மருத்துவமனையில் போனவர்கள்தான் இருந்தார்கள், இல்லங்களில் போனவர்கள் அப்புறம்தான் சேர்ந்தார்கள். கனடாவில் முதல் அலையில் இறந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் இப்படிப்பட்ட இல்லவாசிகள். அந்த நாடு மார்ச் 11-ஐ, அதாவது உலக சுகாதார அமைப்பு இதைப் பெருந்தொற்று என்று சொன்ன தேதியை, 2021-ல் நினைவு நாளாக அறிவித்தது. இத்தாலி மார்ச் 18-க்குச் சட்டமே போட்டது; 2020-ல் அந்த இரவுதான் பெர்காமோவிலிருந்து ராணுவ லாரிகள் சவப்பெட்டிகளோடு வரிசையாகப் போயின. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவை எல்லோருக்குமான நாட்கள், எல்லோருக்கும் என்றால் இல்லத்தில் இருந்தவர் ஞாபகத்துக்கு வருவது கடைசியில்தான். அக்டோபர் 1 முதியோர் தினம் இருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அன்றைக்கு மாலை போட்டுப் பாட்டுப் பாடுவார்கள், இதைப் பேச அது இடமில்லை.

என் பெரியம்மாவும் ஒரு இல்லத்தில்தான் இருந்தார். கதவைச் சாத்திய பிறகு வாரம் ஒரு முறை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள். உள்ளே அவர் சக்கர நாற்காலியில், பக்கத்தில் ஒரு பணிப்பெண் போனைப் பிடித்துக்கொண்டு, வெளியே நான் முகக்கவசத்தோடு. பெரியம்மாவுக்குக் காது மந்தம், எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். என் வாய் மூடியிருந்தது. "ஏன் கண்ணு வெளியவே நிக்கிற, உள்ள வா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கதவைக் காட்டினேன், கையை விரித்தேன், என்னென்னவோ செய்தேன். நான் ஏதோ கோபத்தில் வரவில்லை என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் நான்காவது வாரம் அவர் என்னைப் பார்க்காமல் மடியில் இருந்த போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது வாரம் போக வேண்டியிருக்கவில்லை.

கதவைச் சாத்தியதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மருந்தோ தடுப்பூசியோ எதுவும் இல்லாத அந்த முதல் நாட்களில் வேறு வழி எனக்கும் தெரியவில்லை. ஆனால் பெற்ற பிள்ளைக்குச் சாத்திய கதவு மற்றதற்கெல்லாம் திறந்துதான் இருந்தது. பல நாடுகளில் ஊழியர்கள் சரியான கவசம் இல்லாமல், சம்பளம் போதாததால் இரண்டு மூன்று இல்லங்களில் மாறி மாறி வேலை பார்த்தார்கள். நோயும் அவர்களோடு போய் வந்தது. அவர்களிலும் எத்தனையோ பேர் போனார்கள். அந்தப் போனைக் கை வலிக்க இருபது நிமிடம் பிடித்திருந்த பெண்ணைப் போன்றவர்களுக்கும் இந்த நாளில் இடம் வேண்டும்.

எந்த நாள் என்றால், என் யோசனை இது. பெருந்தொற்று அறிவித்த தேதி வேண்டாம், முதல் சாவு நடந்த தேதியும் வேண்டாம். இல்லங்களுக்குப் பார்வையாளர்கள் வரக்கூடாது என்று உத்தரவு போட்ட தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் அது 2020 மார்ச்சில் வரும், உத்தரவு கோப்பில் இருக்கும், தேடுவது பெரிய வேலை இல்லை. எங்களைப் போன்றவர்களுக்குச் சாவு தேதியைவிட அந்தத் தேதிதான் மனதில் நிற்கிறது. உள்ளே இருந்தவருக்கு மனுஷத் தொடுகை நின்றுபோனது அன்றைக்குத்தான்.

விடுமுறை கேட்கவில்லை. விட்டால் அதுவும் தூங்குவதற்கு ஒரு நாளாகிவிடும். அன்று காலையில் பொறுப்பான அமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று, எந்த இல்லத்தில் எத்தனை பேர் போனார்கள் என்று வாசிக்கட்டும். ஒருவரைக் கவனிக்க இப்போது எத்தனை ஊழியர்கள், நாளைக்கே இன்னொரு நோய் வந்தால் சொந்தக்காரர் ஒருவராவது கவசம் போட்டு உள்ளே போக வழி இருக்கிறதா என்பதையும் அங்கேயே சொல்லட்டும். அரசு நாள் என்று நான் அழுத்திக் கேட்பது இதற்காகத்தான். மெழுகுவர்த்தி ஏற்றுவதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

பெயர்களும் வேண்டும், குடும்பம் சம்மதித்தால். பெரியம்மாவின் சாமான்களை ஒரு கறுப்புப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். சலவையில் மாறாமல் இருக்க எல்லாத் துணியிலும் கழுத்துப் பக்கம் மையில் பெயர் எழுதியிருப்பார்கள். பையிலிருந்த நீல ஸ்வெட்டரில் வேறு ஒரு அம்மாவின் பெயர் இருந்தது. இல்லத்துக்குப் போன் செய்து கேட்டேன், பரவாயில்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த அம்மா இருக்கிறாரா, அவர் வீட்டுக்கு பெரியம்மாவின் ஸ்வெட்டர் போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி