டெஸ்டிங்கை வேறு கண்டத்துக்கு அனுப்பிவிட்ட மேலாளர்களுக்கு

அன்புள்ள புராஜெக்ட் மேனேஜர்களே, டெலிவரி தலைவர்களே,

டெவலப்பர்கள் ஒரு நாட்டிலும் டெஸ்டர்கள் பத்து மணி நேரம் தள்ளி இன்னொரு நாட்டிலும் இருக்கிற அஜைல் குழுக்களை (சின்னச் சின்னச் சுற்றுகளாக எழுதி, அந்தந்தச் சுற்றிலேயே சோதித்து முடிக்கிற குழுக்களை) நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டெஸ்டர் பக்கத்து ஆள். டெவலப்பர்கள் தூங்கும்போது டெஸ்டர்கள் சோதிப்பார்கள், காலையில் வந்து பார்த்தால் முடிவு தயாராக இருக்கும், நாள் முழுக்க வேலை நிற்காமல் நடக்கும் என்று நீங்கள் படம் போட்டு விளக்குவதை எங்களில் நிறையப் பேர் பார்த்திருக்கிறோம். 'ஃபாலோ தி சன்' என்று அதற்கு ஒரு பெயர் வேறு. படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரும் யாரையும் எதுவும் கேட்கவே மாட்டார்கள் என்று நம்பி வரைந்த படம் அது.

டெஸ்டிங்கில் பாதி வேலையே கேள்வி கேட்பதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பிரின்ட் என்கிற ஒரு வேலைச் சுற்று இரண்டு வாரம் என்றால் பத்து வேலை நாள். ஐந்தாம் நாள் முடிவில் ஒரு ஸ்டோரி, அதாவது ஒரு சிறு அம்சம், கடைச் செயலியில் தள்ளுபடிக் கூப்பன் மாதிரி, டெஸ்டர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (பல குழுக்களில் இதுவே அதிர்ஷ்டம்). ஆறாம் நாள் டெஸ்டர் கூப்பனைப் போட்டுப் பார்க்கிறார், மொத்தத் தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, இது பிழையா, தெரிந்தே விட்டதா என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறார். டெவலப்பர் எழுந்து வந்து, 'எனக்கு அப்படி வரவில்லையே, எந்த பில்ட்?' என்கிறார், மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று அர்த்தம். ஏழாம் நாள் டெஸ்டர் பில்ட் எண்ணும் லாகும் (மென்பொருள் ஓடியபோது எழுதிவைத்த பதிவு) கொடுக்கிறார், அன்று இரவு திருத்தம் வருகிறது, எட்டாம் நாள் பார்த்தால் கூப்பன் சரியாகிவிட்டது, ஆனால் பணம் திரும்பக் கொடுக்கும் இடத்தில் அடிவாங்கியிருக்கிறது. ஒன்பதாம் நாள் மறுபடி ஒரு சுற்று. பத்தாம் நாள் டெமோ. இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால் திரையைப் பகிர்ந்து கால் மணி நேரத்தில் முடித்திருப்பார்கள்.

இதைப் பார்த்துவிட்டு நீங்கள் கண்டுபிடித்த தீர்வு, 'சரி, டெஸ்டிங்கை அடுத்த ஸ்பிரின்ட்டில் வைத்துக்கொள்வோம்' என்பது. அப்போது டெவலப்பர் வேறு ஸ்டோரியில் மூழ்கியிருப்பார், போன வாரம் எழுதிய கோடு அவருக்கே மறந்திருக்கும். பலகையில் ஸ்பிரின்ட் என்று எழுதியிருக்கிறது, உள்ளே ஓடுவது எழுதி முடித்த பிறகே சோதிக்கிற பழைய வாட்டர்ஃபால் முறைதான்.

எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவையுங்கள் என்று கேட்கவில்லை. 2001-இல் யூட்டாவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையோடு வந்த 12 கொள்கைகளில், நேருக்கு நேர் பேசுவதுதான் தகவல் சொல்லச் சிறந்த வழி என்று ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி தொலைவிலிருந்து வேலை செய்வதே தப்பு என்று வாதாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் ஒரே கடிகாரத்தில் வேலை செய்கிற குழு பக்கத்து மேசையில் இருப்பது போலத்தான். எங்களைப் படுத்துவது பெரும்பாலும் கடிகாரம்தான்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடையும் நேரத்தில் தொலைந்துபோன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொலராடோவில் இருந்த லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனக் குழுவின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு-நொடியில் கொடுத்தது, கலிஃபோர்னியாவில் இருந்த நாசாவின் ஜேபிஎல் ஆய்வகக் குழு அதை நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது, ஏறக்குறைய 4.45 மடங்கு வித்தியாசம். இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் ஒரே ஒரு மணி நேரம்! குழுக்களுக்கிடையே தொடர்பு போதவில்லை என்பதும், தரையில் ஓடிய அந்த மென்பொருளை முழுமையாகச் சரிபார்க்கவில்லை என்பதும் விசாரணை அறிக்கையில் உண்டு. இரண்டு குழு சேரும் இடத்தைச் சோதிப்பது யார் பொறுப்பு என்று உங்கள் திட்டத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கிறதா? தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

நான் கேட்பது இதுதான். ஊர் வாரியாக வேலையைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், 'அங்கே எழுதுவது, இங்கே சோதிப்பது' என்று பிரிக்காதீர்கள். அம்சம் அம்சமாகப் பிரியுங்கள். தேடல் பகுதி முழுக்க ஒரு ஊர், பணம் செலுத்தும் பகுதி முழுக்க இன்னொரு ஊர், இரண்டிலும் டெவலப்பரும் டெஸ்டரும் சேர்ந்தே இருக்கட்டும். ஒரு அமைப்பு உருவாக்கும் மென்பொருள் அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் அச்சிலேயே வரும் என்று மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968-இலேயே எழுதிவிட்டார். எப்படியும் எங்கோ ஒரு தையல் விழத்தான் போகிறது, அது இரண்டு அம்சங்களுக்கு நடுவே ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) இருக்கிற இடத்தில் விழட்டும், அங்கே இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டபடிதான் பேசுகின்றனவா என்று பார்க்கும் கான்ட்ராக்ட் டெஸ்ட் எழுதி ஒவ்வொரு பில்ட்டிலும் ஓட்டலாம். ஒரே ஸ்டோரியின் நடுவில் விழுந்தால் அதைப் பிடிக்க எந்த டூலும் கிடையாது.

அப்படிப் பிரிக்க முடியாதா? அப்படியானால் கோடு எழுதத் தொடங்கும் முன்பே பிராடக்ட் ஓனர் (என்ன வேண்டும் என்று முடிவு செய்பவர்), டெவலப்பர், டெஸ்டர் மூவரும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து உண்மையான எண்களோடு உதாரணங்களை எழுதட்டும். கூப்பன் 500, கூடையில் 300, என்ன ஆகவேண்டும்? இந்த ஒரு வரி முன்பே இருந்திருந்தால் மேலே சொன்ன நான்கு நாளில் பெரும்பகுதி மிச்சம்.

அப்புறம் உரிமை. சோதனைச் சர்வர் தொங்கிவிட்டால் அதை ரீஸ்டார்ட் செய்யவும், வேறு பில்ட்டை ஏற்றவும், டேட்டாவை ரீசெட் செய்யவும் எங்களுக்கு அனுமதி இல்லை, அனுமதி உள்ளவர் தூங்குகிறார். ஒரு நாள் போச்சு. இதற்குச் செலவே இல்லை, ஒரு மேலாளர் ஒரு அனுமதியில் கையெழுத்திட்டால் போதும், ஆனாலும் பல இடங்களில் நடப்பதில்லை. பாதுகாப்புக் கொள்கை என்பார்கள், சோதனைச் சர்வருக்கு!

பிழை எண்ணிக்கையை வைத்து டெஸ்டரை எடைபோடுவதையும் விட்டுவிடுங்கள். எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்றால் டெவலப்பரைக் கூப்பிட்டுப் பேசவேண்டியதை எல்லோரும் தனித்தனி பிழை டிக்கெட்டாகப் போடுவார்கள்.

பரவிக் கிடப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் வருத்தம். தேதி, நேரம் சம்பந்தப்பட்ட பிழைகள் டெவலப்பரின் லேப்டாப்பில் சுலபத்தில் தெரியாது, வேறு நேர மண்டலத்தில் இருக்கிற டெஸ்டர் கண்ணில் தானாகவே படும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றுகிறது, ஐரோப்பாவின் பெரும்பகுதி மார்ச் கடைசி ஞாயிறு, பல நாடுகள் மாற்றுவதே இல்லை. அந்த இடைப்பட்ட வாரங்களை வேண்டுமென்றே சோதனைக் காலமாக வைத்துக்கொள்ளலாம். இப்போது அந்த வாரங்களில் நடப்பதெல்லாம் பாதிப் பேர் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தி வருவதுதான்.

கூட்டம் என்றதும் கடைசியாக ஒன்று. ஸ்டாண்டப் என்கிற பதினைந்து நிமிட தினசரிக் கூட்டம் எப்போதும் எங்கள் இரவு பத்து மணிக்கே இருக்கவேண்டும் என்று எந்த வழிகாட்டியிலும் எழுதவில்லை. மாதம் மாறி மாதம் நேரத்தை மாற்றுங்கள். அடுத்த மாதம் உங்கள் இரவு பத்து மணி, அழைப்பை நாங்களே அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு டெஸ்டர்