ஜிப்பா போடாத பையனை வரையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். போன மாதம் ஒரு படக்கதையை விரித்து வைத்திருந்தபோது எட்டு வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், இவன் ஏன் எப்பப் பார்த்தாலும் ஜிப்பாவே போட்டிருக்கான்? வேற சட்டை இல்லையா?"

மூவினப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் கதை அது. மலாய்ப் பையன் டீ-சட்டையில், சீனப் பெண் கவுனில் இருக்கிறார்கள். நம் பையன் மட்டும் தீபாவளிக்குப் புறப்பட்டவன் மாதிரி நிற்கிறான். கேள்வி கேட்டவனோ சேறு காய்ந்த கால்பந்து ஜெர்சியில் உட்கார்ந்திருந்தான். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் படம் காட்டிய நான் இதைக் கவனித்ததே இல்லை. வீட்டுக்கு வந்து இருக்கிற புத்தகங்களை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். மலாய், ஆங்கிலப் புத்தகங்களில் தமிழர் வரும் பக்கம் பெரும்பாலும் விளக்கும் கோலமும் முறுக்குத் தட்டும்தான். திருநாள் முடிந்ததும் நாம் கதையை விட்டே போய்விடுகிறோம்.

பிறரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் தமிழ்ப் புத்தகங்களையும் பார்த்தேன். அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லாரும் சிவப்பு. கறுப்பாக இருப்பவன் திருடன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் பாட்டி வீட்டில் வளர்கிறவர்கள். விடிவதற்கு முன்னே அம்மா ஃபேக்டரி பஸ் ஏறிவிடுவார். அந்த வீடு எந்தப் புத்தகத்திலும் இல்லை. காலில் இரும்புப் பட்டை மாட்டி நடக்கும் ஒரு பெண் குழந்தை ஒவ்வொரு படத்திலும் கால்களைத்தான் முதலில் பார்க்கிறாள். லாசா பக்கத்துக் கிராமங்களில் வாழும் தெமியார் பூர்வகுடி மக்கள் நாம் போகும் இதே டவுனுக்குத்தான் சாமான் வாங்க வருகிறார்கள். நம் கதைகளில் அவர்களுக்கும் இடமில்லை.

1965-இல் அமெரிக்காவில் நான்சி லாரிக் என்ற அம்மையார் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். புத்தகங்களில் ஏன் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளே இருக்கிறார்கள் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியில்தான் அந்தக் கட்டுரை தொடங்குகிறது. மூன்று ஆண்டுகளில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால், கறுப்பின மனிதர் ஒருவராவது இருந்தவை 349 மட்டுமே. அங்கே யாரோ உட்கார்ந்து எண்ணியதால் அந்தக் குறை எல்லார் கண்ணிலும் பட்டது. இங்கே நம் புத்தகங்களை யார் எண்ணப் போகிறார்கள்?

வண்ணப் படப் புத்தகம் போட நிறையச் செலவாகும், வாங்குகிறவர்களும் குறைவு என்று பதிப்பிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இந்தியாவில் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படங்களை எடுத்து நம் வார்த்தையில் புதுக்கதை எழுதவும் அனுமதி உண்டு. நானும் எழுதிப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் படத்தில் இருப்பது இந்திய ஊர், வயலும் மாட்டுவண்டியும். நம் செம்பனை மரத்தை யார் வரைந்து தருவார்கள்?

என் அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களின் பாலைச் சேர்த்து, தோளில் காண்டாக் கம்பு வைத்து வாளியில் தூக்கி வரும்போது நுரை விளிம்பு வரை தளும்பும். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை உருட்டி நாங்கள் பந்தாக்கினோம். இன்றைய பிள்ளைகளுக்கு அது பழங்கதை என்றால், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அப்பம் பாலிக் பலகாரம் வாங்க வரிசையில் நிற்கிறார்களே, அதை வரையலாம். தாமான் குடியிருப்புத் திடலில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறார்களே, அதையும் வரையலாம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில் மாதம் ஒரு படக்கதைக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதித் தர நான் தயார். இந்தப் பக்கம் படம் வரையத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு சனிக்கிழமை மண்டபத்துக்கு வாருங்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து முகம் காட்டுவார்கள். அந்த ஜெர்சிக்காரப் பையன் முதலில் வந்து நிற்பான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்