டிஃப்யூசரை டேப்பில் ஒட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தம்பி செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேலூரில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் டிஃப்யூசர் என்ற பின்பக்க பிளாஸ்டிக் பாகத்தைப் போட்டான். பம்பருக்கு அடியில் டபுள் சைடு டேப், நான்கு சின்ன ஸ்க்ரூ, அவ்வளவுதான் வேலை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி வரும்போது அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு விழ, பின்னால் பைக்கில் வந்தவர் மயிரிழையில் தப்பினார். நினைத்தால் இன்னும் பதறுகிறது.

டிஃப்யூசர் வெறும் அலங்காரம் இல்லை. காருக்கு அடியில் பாயும் காற்றைப் படிப்படியாக விரித்து வெளியே விடுவது அதன் வேலை; அதனால் அடியில் காற்றழுத்தம் குறைந்து கார் சாலையோடு அழுந்தி ஓடும், ஆனால் அதற்கு நல்ல வேகமும் தட்டையான அடிப்பாகமும் வேண்டும். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்கு அதனால் என்ன லாபம், வேகத்தடையில் உரசுவதுதான் மிச்சம். சைலன்சரை ஒட்டியபடி இருந்தால் பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதையும் கடையில் யாரும் சொல்லவில்லை.

சரி, ஆசைப்படுகிறவர்கள் போடட்டும். பம்பரை மட்டும் நம்பாமல், அடியில் உறுதியான உலோகப் பாகத்தில் பிராக்கெட் வைத்து போல்ட் போடச் சொல்லுங்கள், நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையக் கூடாது. வண்டியை மாற்றி அமைப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் கட்டுப்பாடு இருக்கிறது. அதிகாரிகள் ஓட்டுகிறவர்களை மட்டும் பிடிக்காமல், மாட்டிவிடும் கடைகளையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர்