கையெழுத்துப் போடும் முன் இதைப் படி, பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ அவசரத்தில் இருந்தாய், அதனால்தான் எழுதுகிறேன். ஃபிளாட் 50 லட்சம், வங்கி 40 லட்சம் தருகிறது, தவணையைச் சமாளித்துவிடலாம் என்றாய். என்ன மாதிரிக் கடன் என்று கேட்டேன். "வீட்டுக் கடன்தான்ப்பா" என்றாய். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, ஏனென்றால் 2004-ல் நானும் அவ்வளவு தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது ஏழரை சதவீத வட்டி, 5 லட்சம், 15 வருஷம். மாறும் வட்டி என்று தாளில் இருந்தது, அது என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாதம் 4,635 ரூபாய் ஒரு நாள் தவறாமல் கட்டினேன். நாலு வருஷம் கழித்து ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தால் வட்டி பத்தரைக்கு ஏறியிருக்கிறது, தவணை அதேதான், ஆனால் பாக்கிக் காலம் கிட்டத்தட்ட மறுபடியும் 15 வருஷம்! உன் அம்மா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தவணை ஏறாததால் எல்லாம் சரியாகப் போகிறது என்று நம்பியிருந்தோம்.

இப்போது வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போவை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதத்தை, ஒட்டியவை. 2019 அக்டோபரிலிருந்து இந்த மாதிரி வெளி அளவுகோலோடுதான் இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ரெப்போ இறங்கினால் உன் வட்டியும் சீக்கிரம் இறங்கும், ஏறினால் அதே வேகத்தில் ஏறும். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது 2023 பிப்ரவரியில் ஆறரை ஆனது. வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அவர்கள் சொந்தமாக ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், அதனால் எதோடு இணைத்திருக்கிறது என்பதை முதலில் கேள். நிலையான வட்டி என்பதும் பல இடங்களில் முதல் சில வருஷத்துக்கு மட்டும்தான், அப்புறம் மாறும் வட்டிக்குப் போய்விடும். எத்தனை வருஷம் என்று எழுத்தில் பார்.

வட்டி ஏறினால் தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று வங்கி உன்னிடம் கேட்க வேண்டும், 2023-ல் வந்த விதி அது. கூட்டச் சொல், முடிந்தவரை கூட்டச் சொல். 40 லட்சத்துக்கு எட்டரை சதவீதத்தில் 20 வருஷம் என்றால் தவணை சுமார் 34,700, 30 வருஷம் என்றால் 30,750. மாதம் நாலாயிரம் மிச்சம் என்று தோன்றும், ஆனால் மொத்த வட்டி 43 லட்சத்திலிருந்து 70 லட்சத்துக்கு மேல் போய்விடும்.

இன்னொன்று, நீங்கள் பார்த்தது இன்னும் கட்டி முடியாத ஃபிளாட். கட்டடம் எழும்ப எழும்ப வங்கி பில்டருக்குப் பணம் விடும், அதுவரை விட்ட தொகைக்கு வட்டி மட்டும் கட்டலாம் என்பார்கள். அதில் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது, சாவி தருவது தள்ளிப்போனால் வாடகையும் வட்டியும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். வங்கி சம்மதித்தால் முதல் நாளிலிருந்தே முழுத் தவணை கட்டுங்கள். கட்டுமான ஃபிளாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, முத்திரைத்தாள், பதிவுச் செலவு வேறு, இவற்றுக்கெல்லாம் உங்கள் கையிருப்பில்தான் வழி பார்க்க வேண்டும். அதற்குத் தனிநபர் கடன் வாங்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராமே, வேண்டாம். அம்மாவும் நானும் பேசிவிட்டோம், எங்களால் ஆனதைத் தருகிறோம்.

மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வரும்போது அதில் போடு. முதல் வருஷ முடிவில் ஒரு லட்சம் சேர்த்துக் கட்டினால் கடைசியில் 13 தவணைக்கு மேல் குறையும், நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். வட்டியைக் குறைக்க வேறு வங்கிக்கு மாற்றுவதும் நல்லதுதான், ஆனால் அதோடு டாப்-அப் என்று கூடுதல் பணம் கொடுப்பார்கள், அதைத் தொடாதே. கடனோடு காப்பீட்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னால், கட்டாயமா என்று கேட்டு எழுதி வாங்கு.

பத்திரத்தில் உன் பெயரும் இருக்க வேண்டும், நீயும் சேர்ந்துதானே கட்டப்போகிறாய்.

ஒப்புதல் கடிதம் வந்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, வில்லங்கச் சான்று, மூலப்பத்திர நகலோடு. நம்ம ஊர் வக்கீலிடம் ஞாயிற்றுக்கிழமை காட்டிவிடுகிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அப்பா