ஒபாமாவை எதிர்த்துப் பேசப் போகும் மகளுக்கு

அன்புள்ள யாழினிக்கு,

அப்பா எழுதுகிறேன். உங்கள் கல்லூரி விவாதப் போட்டியில், ஒபாமாவின் முதல் இரண்டு வருடங்களை வலதுசாரிகள் பக்கம் நின்று விமர்சிக்கிற அணியில் உன்னைப் போட்டுவிட்டார்கள் என்று அம்மாவிடம் புலம்பினாயாம். அவர் மேல் உனக்கு இருக்கிற அபிமானம் தெரிந்ததுதான். இருக்கட்டும். பட்டிமன்றத்தில் எந்த அணி என்பதை நடுவர்தானே சொல்வார்.

"அமெரிக்காவை சோஷலிச நாடாக்கப் பார்த்தார்" என்று ஆரம்பித்தாயோ, முதல் நிமிடத்திலேயே போச்சு. அன்றைய விமர்சனத்தில் பாதிக்கு மேல் வெறும் கூச்சல். தேறுகிற மிச்சத்தில் ஓடுகிற சரடு ஒன்றுதான்: வாக்குறுதியை முதலில் கொடுத்தார், அது எப்படி நடக்கும் என்கிற கணக்கைப் பிறகு போட்டார், கணக்கு வாக்குறுதிக்குள் அடங்கவில்லை. மருத்துவக் காப்பீட்டிலும் இதே கதை, குவாண்டனாமோவிலும் (கியூபாவில், பயங்கரவாதச் சந்தேகக் கைதிகளை வைத்த அமெரிக்கச் சிறை) இதே கதை. சரட்டை விடாமல் பிடித்துக்கொள்.

காப்பீட்டில் தொடங்கு. "இப்போதுள்ள காப்பீடு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்" என்று ஊர் ஊராகச் சொன்னார். 'ஒபாமாகேர்' என்கிற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டது 2010 மார்ச் 23. அன்றைக்கு நடப்பில் இருந்த திட்டங்கள் புதிய விதிகளிலிருந்து தப்பலாம் என்று சட்டம் சொன்னது உண்மை. ஆனால் அதே வருடம் ஜூனில் அவருடைய அரசே விதிமுறை எழுதியபோது வாசலைக் குறுக்கிவிட்டது. சிகிச்சைச் செலவில் நோயாளி சதவீதமாகக் கட்டும் பங்கு 20 என்றிருந்து 21 ஆனால் போதும், சலுகை போய்விடும். தனிநபர்கள் நேரடியாக வாங்கும் பாலிசிகளில் இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்கள் வருடா வருடம் நடப்பவை. ஆட்களும் அடிக்கடி பாலிசி மாற்றுவார்கள். மார்ச் 23-க்குப் பிறகு வாங்கியவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது. அதனால்தான் 2013 இலையுதிர் காலத்தில் ரத்துக் கடிதங்கள் குவிந்தன. நவம்பரில் ஒபாமா தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தார். நீ அழுத்த வேண்டியது அந்த வருத்தத்தை அல்ல. இப்படித்தான் ஆகும் என்பது 2010 ஜூன் விதியைப் படித்த யாருக்கும் அப்போதே தெரிந்திருக்கும் என்பதை அழுத்து.

அடுத்தது வயதுக் கணக்கு. இதைப் பலகையிலேயே போட்டுக் காட்டலாம். 21 வயதுக்காரருக்கும் 64 வயதுக்காரருக்கும் ஆகும் மருத்துவச் செலவு ஏறக்குறைய ஒன்றுக்கு ஐந்து. பிரீமியத்தில் ஒன்றுக்கு மூன்றுக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது சட்டம். இளைஞர் ஒருவர், முதியவர் ஒருவர் என்று வைத்துக்கொள். செலவுப்படி 100, 500, ஆக மொத்தம் 600. அதே 600-ஐ ஒன்றுக்கு மூன்று விகிதத்தில் வசூலித்தால் 150, 450. முதியவருக்கு 10 சதவீதம் குறைகிறது, இளைஞருக்கு 50 சதவீதம் ஏறுகிறது. ஏற்கெனவே நோய் உள்ளவரையும் மறுக்காமல் சேர்க்க வேண்டும், அதிகம் வாங்கவும் கூடாது என்பது இதன் மேல் இன்னொரு விதி. அப்படியானால் உடம்பு நன்றாக இருக்கிறவன் நோய் வரும்வரை ஏன் கட்ட வேண்டும்? அதைத் தடுக்கத்தான் வாங்காதவருக்கு அபராதம். அதுவும் முதல் வருடமான 2014-இல் 95 டாலர், அல்லது வருமானத்தில் 1 சதவீதம், எது அதிகமோ அது. 2016-இல்தான் 695 டாலர் அல்லது 2.5 சதவீதம் என்று ஏறியது. 27 வயதுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று நீயே யோசித்துப் பார்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதே. அபராதம் தனிமனித சுதந்திரத்தில் கைவைக்கிறது என்றும் வலதுசாரிகள் சொன்னார்கள், அபராதம் போதாது, திட்டம் படுத்துவிடும் என்றும் சொன்னார்கள். ஒரே மேடையில் இரண்டையும் சொன்னால் எதிரணி சிரிக்கும். ஒன்றை எடுத்துக்கொள். என்னைக் கேட்டால் முதலாவது. 2019-லிருந்து அபராதம் பூஜ்யமாகிவிட்டது, அப்படியும் சந்தை கவிழவில்லை. காரணம், மானியம் பெறுகிறவருடைய பிரீமியம் அவர் வருமானத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. விலை ஏறினால் ஏற்றத்தை அரசு தாங்கிக்கொள்ளும். முழு அடியும் விழுந்தது வறுமைக்கோட்டைப் போல நான்கு மடங்குக்கு மேல் சம்பாதித்து, மானியம் கிடைக்காமல், சொந்தமாகக் காப்பீடு வாங்கியவர்கள் மேல். சிறுகடைக்காரர், சுயதொழில் செய்கிறவர். அவர்களைப் பற்றிப் பேசு, அது நிற்கும்.

சுதந்திர வாதத்துக்குத் துணை உச்ச நீதிமன்றத்தின் 2012 ஜூன் 28 தீர்ப்பு. 5-க்கு 4 என்று சட்டம் பிழைத்தது. ஆனால் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பொருளை வாங்கு என்று குடிமகனைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார்; இந்த ஒரு புள்ளியில் எதிர்த்த நான்கு பேரும் அவர் பக்கம். அபராதத்தை வரி என்று எடுத்துக்கொண்டதால்தான் சட்டம் தப்பியது. வழக்கில் தோற்று வாதத்தில் ஜெயித்தார்கள் என்று சொல்லலாம். எதிரணி உடனே, கட்டாயக் காப்பீட்டை 1989-இல் முன்வைத்ததே வலதுசாரி ஆய்வு அமைப்பான ஹெரிடேஜ் அறக்கட்டளைதானே, 2006-இல் மாசசூசெட்ஸில் கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ராம்னிதானே என்று பாயும். உண்மைதான், மறுக்காதே. ஒரு மாநிலம் தனக்குள் செய்து பார்ப்பது வேறு, மத்திய அரசு ஐம்பது மாநிலத்துக்கும் சேர்த்துச் செய்வது வேறு என்று சொல். ஹெரிடேஜுக்கு இந்தப் பதில் பொருந்தாது, அதனால் ராம்னியிலேயே நின்றுகொள்.

பட்ஜெட் பற்றி குடியரசுக் கட்சி எம்.பி. பால் ரயன் 2010 பிப்ரவரி 25 அன்று, பிளேர் ஹவுஸ் என்ற அரசு விருந்தினர் மாளிகையில் நடந்த கூட்டத்தில் ஒபாமாவின் முகத்துக்கு நேரே பேசினார். அன்றைய காலத்தில் இதைவிட ஒழுங்கான விமர்சனத்தை நான் பார்க்கவில்லை. பத்து வருட வரியும் பத்து வருட மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) வெட்டும் ஆறு வருடச் செலவுக்கு என்றார். வரி முன்னாலேயே தொடங்குகிறது, மானியம் 2014-இல்தான் தொடங்குகிறது. பத்து வருடச் சட்டகத்துக்குள் பார்த்தால் பற்றாக்குறை 14,300 கோடி டாலர் குறையும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணக்குக் காட்டியது. அதில் சுமார் 7,000 கோடி 'கிளாஸ்' என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டின் பிரீமியம். முதல் ஐந்து வருடம் கட்டினால்தான் பலன் கிடைக்கும் என்பதால், ஆரம்பத்தில் வரவு மட்டும் தெரியும். 2011 அக்டோபரில் அரசே அதை நடத்த முடியாது என்று கைவிட்டது, 2013 ஜனவரியில் சட்டத்திலிருந்தே நீக்கினார்கள். இந்த ஓர் உதாரணம் போதும். மொத்தச் செலவு எகிறிவிட்டது என்று மட்டும் சொல்லாதே, மதிப்பிட்டதைவிடக் குறைவாகத்தான் ஆனது.

யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று அரசின் 'மரணக் குழு' முடிவு செய்யும் என்று குடியரசுக் கட்சியின் சாரா பேலின் கிளப்பியது பொய். சாகும் தறுவாயில் என்ன சிகிச்சை வேண்டும் என்று டாக்டரோடு விருப்பப்பட்டுப் பேசுவதற்கு மெடிகேர் காசு தரும் என்பதுதான் அந்தப் பிரிவு. கடைசிச் சட்டத்தில் அதுவும் இல்லை. அதைத் தொடவே தொடாதே. வேண்டுமானால் மெடிகேர் செலவை அடக்க வைத்த பதினைந்து பேர் வாரியத்தைச் சொல். அவர்கள் பரிந்துரையைக் காங்கிரஸ் மாற்றாவிட்டால் அது தானாக அமலுக்கு வரும். ஒருவரைக்கூட நியமிக்காமலே 2018-இல் ஒழித்தார்கள்.

இனி பாதுகாப்பு. பதவியேற்ற இரண்டாம் நாள், 2009 ஜனவரி 22, குவாண்டனாமோவை ஒரு வருடத்துக்குள் மூடும்படி உத்தரவு. உள்ளே ஏறக்குறைய 240 பேர். அவர்களை எங்கே கொண்டுபோவது என்ற திட்டம் உத்தரவோடு வரவில்லை, ஆராய ஒரு குழு மட்டும் வந்தது. மே 20 அன்று, மூடுவதற்குக் கேட்ட 8 கோடி டாலரை செனட் 90-க்கு 6 என்று மறுத்தது. ஜனநாயகக் கட்சிக்காரர்களே கைவிட்டார்கள் என்பதைச் சொல்ல மறக்காதே. மறுநாள் ஒரே காலையில் ஒபாமாவும், புஷ்ஷின் துணை அதிபராக இருந்த டிக் செனியும் தனித்தனி மேடையில் பேசினார்கள். செனி பேச்சில் சித்திரவதையை நியாயப்படுத்தும் பகுதியை விட்டுவிடு. நியாயப்படுத்த முடியாது என்பது என் எண்ணம், உனக்கும் அது தேவையில்லை.

தேவையானது 2010 ஜனவரியில் அந்தக் குழு தந்த பிரிப்பு: அனுப்பிவிடலாம் என்று 126 பேர், வழக்குக்கு 36, நிபந்தனையோடு வைத்திருக்க ஏமன்காரர்கள் 30, வழக்கும் போட முடியாது வெளியிலும் விட முடியாது என்று 48. அந்த 48-இல்தான் முழுச் சிக்கலும். சிறையை அமெரிக்காவுக்குள் இல்லினாய் மாநிலத்துக்கு மாற்றினாலும் விசாரணையில்லாக் காவல் தொடரத்தான் செய்யும். அப்படியானால் மூடுவதில் மாறுவது முகவரி மட்டும்தானே என்று வலதுசாரிகள் கேட்டார்கள். சரியான கேள்வி. புஷ் காலத்திலேயே 500-க்கும் மேற்பட்டவர்களை விடுவித்தார்களே என்று எதிரணி சொல்லும். அதற்கும் தயாராக இரு.

2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் விமானத்தில் உள்ளாடையில் வெடிமருந்தோடு பிடிபட்ட நைஜீரிய இளைஞனை ஏறக்குறைய ஐம்பது நிமிடம் விசாரித்தார்கள், பிறகு மௌனமாக இருக்கும் உரிமையைப் படித்துக் காட்டினார்கள். பயங்கரவாதிக்கு வக்கீலா என்று அப்போது கத்தினார்கள். அது பலவீனம். 2001-இல் ஷூவில் குண்டோடு விமானம் ஏறியவனுக்கும் புஷ் அரசு அதையே செய்தது, இந்தப் பையனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. பலமானது வேறு. முக்கியக் கைதிகளை விசாரிக்கத் தனிக் குழு என்று ஆகஸ்டிலேயே அறிவித்தார்கள். அந்தக் குழுவைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று உளவுத் துறைத் தலைவர் டென்னிஸ் பிளேர் 2010 ஜனவரி 20 அன்று செனட்டில் சொன்னார். குழு இன்னும் இயங்கவே தொடங்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. அறிவிப்பு இருக்கிறது, ஆள் இல்லை. நம் சரடு இங்கேயும் வந்துவிட்டது பார்.

ஆப்கானிஸ்தானுக்கு 30,000 வீரர்களை அனுப்புகிற அதே உரையில் 2011 ஜூலையில் திரும்பத் தொடங்குவார்கள் என்று தேதி சொன்னதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்.

கடைசியில், "சரி, உங்கள் மாற்று என்ன?" என்று கேட்பார்கள். குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் மெக்கெய்ன் 2008-இல் சொன்ன, காப்பீடு வாங்கக் குடும்பத்துக்கு 5,000 டாலர் வரித் தள்ளுபடியைச் சொல்லலாம். 2017-இல் வெள்ளை மாளிகையும் இரண்டு சபைகளும் கையில் இருந்தும் உங்கள் கட்சியால் ரத்துச் செய்ய முடியவில்லையே, அதே மெக்கெய்ன்தானே எதிர்த்து ஓட்டுப் போட்டார் என்று திருப்புவார்கள். தலைப்பு விமர்சனம் சரியா என்பதுதான், மாற்று இருந்ததா என்பதல்ல என்று சொல்லி நிறுத்திக்கொள். எனக்கே அந்தப் பதிலில் முழுத் திருப்தி கிடையாது, ஆனால் இருபது வினாடியில் அதைவிட நல்லது அகப்படாது.

வயதுக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டுப் போ. ஞாயிற்றுக்கிழமை போன் செய். எதிரணியாக நான் கேள்வி கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா