எட்டாவது குழி

அன்புள்ள வாலு,

திட்டாதே. நாலு மாதமாக எழுதவில்லை, தெரியும். உன்னைக் கல்யாண வீட்டில் பார்த்ததாக அம்மா சொன்னாள். மாம்பழ நிறப் புடவையாமே? அதை அப்புறம் பேசிக்கொள்வோம்.

முதுகலையில் இரண்டு வாரம் வெளிநாட்டுக் களப்பயிற்சி என்றேனே, போய் வந்துவிட்டேன். போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலம், டானம் பள்ளத்தாக்கு. லஹாட் டத்துவில் இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் காட்டுப் பாதை. இதுவரை தெரிந்த வெப்பமண்டல மரங்களில் உயரமானது அங்கேதான் நிற்கிறது, 100.8 மீட்டர். விமானத்திலிருந்து லேசர் வைத்துக் கணித்ததோடு விடாமல், 2019இல் ஒருவர் உச்சிவரை ஏறி டேப்பைத் தொங்கவிட்டு அளந்தாராம்.

எனக்கு வாய்த்தது மரம் இல்லை, பீ. சிரிக்காதே. சாணி வண்டுகளைப் பிடித்து எண்ண வேண்டும். பிளாஸ்டிக் கப்பை விளிம்பு தரையோடு ஒட்டும்படி புதைத்து, பாதிக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு குச்சியில் இரையைத் துணி மூட்டையாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். மூட்டைக்குள் என்ன? மனுஷனுடையதற்குத்தான் வண்டு நன்றாக வருகிறது. சப்ளை எங்கள் குழுவிலிருந்தே. காலையில் டப்பாவோடு வரிசையில் நின்றபோது நம் ஹாஸ்டல் ஞாபகம்தான். நீ வாளியை வைத்து இடம் பிடிப்பாயே!

வெட்டாத காட்டில் பத்துக் குழி, முன்பு மரம் வெட்டிய காட்டில் பத்து. மறுநாள் போய் எடுக்க வேண்டும். வெட்டிய காட்டில் எட்டாவது குழியை ஏதோ ஒரு விலங்கு கிளறி, கப்பையே தூக்கிப் போயிருந்தது. பத்தாவதில் மழைத் தண்ணீர் நிரம்பி வழிந்திருந்தது. காலுறையையும் மீறி ஏறிய அட்டை ஒன்று இடுப்பில். அவசரத்தில் இரண்டுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ராத்திரி எல்லோருடைய தாளையும் மேடம் வாங்கிப் பார்த்தார். "எட்டில் கப் இருந்ததா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது?"

பதில் இல்லை என்னிடம். பூஜ்யம் என்றால் பார்த்தேன், வண்டு இல்லை என்று அர்த்தம். நான் பார்க்கவே இல்லையே. மீதி எட்டுக் குழியில் 160 வண்டு. எட்டால் வகுத்தால் 20, பத்தால் வகுத்தால் 16. வெட்டாத காட்டில் சராசரி 22. என் கணக்குப்படி, மரத்தை வெட்டினால் வண்டு குறையும் என்று அழகாக வந்திருக்கும். நான் எதிர்பார்த்துப் போனதும் அதேதான். அதுதான்டி பயமாக இருக்கிறது. வேறு பக்கம் சாய்ந்திருந்தால் நானே ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்திருப்பேன்.

அன்று தூக்கமே இல்லை. பி.எஸ்சி.யில் மைதானத்தில் செடிகளை எண்ண குவாட்ராட், அதுதான் சதுரக் கட்டம், போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? பத்துக் கட்டத்தில் நாலுதான் போட்டோம். மீதி ஆறுக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தும்பை மூன்று, நெருஞ்சி இரண்டு என்று நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆறாவதில் வேண்டுமென்றே நெருஞ்சியைக் குறைத்தாய், 'எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் நம்ப மாட்டார்' என்று. சோடாபுட்டி சார் பச்சை மையில் 'குட்' போட்டார். பென்டுலம் ரீடிங்கை விடையிலிருந்து பின்னோக்கிப் போட்டதை விடு, அதை ஊரே செய்தது.

மறுநாள் இரண்டு பூஜ்யத்தையும் அடித்துக் கோடு போட்டேன். பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். தாள் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

இப்போது நீ அந்த மைதானத்துக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறாய். ஒருத்தி ரெக்கார்டில் இரண்டு கட்டத்தைக் காலியாக விட்டு, 'மாடு மிதித்துவிட்டது' என்று எழுதிவந்தால் மார்க் குறைப்பாயா? உண்மையைச் சொல்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். புடவைப் போட்டோ அனுப்பு.

உன்
ஒட்டடைக்குச்சி