மஞ்சளுக்குப் பதறுகிறார்கள், சிவப்பை விட்டுவிடுகிறார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்பத்தில் குமுளி சாலையோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை போகும் வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. மீட்டரில் இன்ஜின் படம் மஞ்சளாக எரிந்தால் பதறிப்போய் ஷெட்டுக்கு வருகிறார்கள். எண்ணெய்க் குவளைப் படம் சிவப்பாக எரிந்தாலோ, “ஆயில்தானே, ஊருக்குப் போய் மாத்திக்கலாம் சாமி” என்று மலையேறுகிறார்கள்!

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் ஒழுங்காக இழுத்தால் நிதானமாக ஓட்டி வரலாம். கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கருவியைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். விட்டு விட்டு மின்னினால்தான் அவசரம். ஆயில் விளக்கு வேறு சங்கதி. ஆயில் மாற்றும் நாள் வந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. இன்ஜினுக்குள் ஆயில் பிரஷர் இல்லை என்கிறது. உடனே ஓரங்கட்டி அணைக்காவிட்டால் பேரிங் தேய்ந்து இன்ஜின் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகி நின்றுவிடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஆயில் பம்ப் போயிருக்கலாம். ஏற்றத்தில் டெம்பரேச்சர் விளக்கு சிவந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்துபோகிறவர்கள் உண்டு.

இறக்கத்தில் இன்னொன்று. ஹேண்ட் பிரேக்கை எடுத்த பிறகும், வளைவுகளில் பிரேக் விளக்கு எரிந்து எரிந்து அணையும். “ஒயர் லூஸ்” என்பார்கள். பெரும்பாலும் பிரேக் பேட் தேய்ந்து, டப்பாவில் பிரேக் ஆயில் இறங்கியிருக்கும். சரிவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போதெல்லாம் விளக்கு எரிகிறது. ஆயிலை மட்டும் ஊற்றி விளக்கை அணைத்துக்கொண்டு போவது ஆபத்து.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். சில கில்லாடிகள் அதை வேறொரு விளக்கோடு இணைத்துவிடுவதும் உண்டு. அப்போது இரண்டும் ஒரே நொடியில் அணையும்.

எட்டுப் போடச் சொல்லித்தரும் டிரைவிங் ஸ்கூல்கள் ஒரு காலைப்பொழுதை மீட்டருக்கும் ஒதுக்கலாம். இந்தப் படங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 2575 என்ற உலகத் தரம் இருப்பதால் முக்கியமானவை எல்லா கார்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சீசனுக்கு முன் தங்கள் நாளிதழ் அவற்றைக் கலரில் அரைப் பக்கம் வெளியிட்டால், என் ஷெட் வாசலில் ஒட்டிவைப்பேன்.

– ஒரு மெக்கானிக், கம்பம், தேனி மாவட்டம்